கிளுவை வேலிக்குள் ஒரு காடு: கொங்கு நாட்டுப் பயணக் குறிப்புகள்

திங்கள், தாராபுரம்

தமிழில் இயற்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் முதல் நாலைந்து பெயர்களுக்குள் சு. தியடோர் பாஸ்கரன் வந்துவிடுவார். 1940இல் பிறந்தவர். பிறந்த ஊர் தாராபுரம். ஊட்டியும் இல்லை, வால்பாறையும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் வெயில் காய்கிற தாராபுரம். காடு என்றால் மலை, அருவி, யானை என்று பழகிப்போன நமக்கு இது கொஞ்சம் வியப்பாக இருக்கலாம். எனக்கென்னவோ அந்த எழுத்துக்கும் இந்த வறண்ட பூமிக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதாகவே தோன்றிக்கொண்டிருந்தது. பொங்கல் முடிந்த கையோடு அதைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன். அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிப் போடுகிறேன்.

அவரைப் படித்திராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் வரலாறு படித்தார். அந்தக் கல்லூரி வளாகமே ஒரு பெரிய புதர்க்காடு என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கொஞ்ச காலம் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வேலை. அப்புறம் 1964இல் இந்திய அஞ்சல் பணி. தமிழ்நாட்டின் சீஃப் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக 1998இல் ஓய்வு பெற்றார். பிறகு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் இயக்குநராக இருந்தார். இதற்கு நடுவில்தான் அத்தனை எழுத்தும். காலை முதல் மாலை வரை தபால் துறைக் கோப்புகளைப் பார்த்துவிட்டு, விடுமுறை நாளில் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போனவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் சரளமாக எழுதியவர், காட்டுயிர் பற்றிய கட்டுரைகளை விடாப்பிடியாகத் தமிழில் எழுதினார். மக்கள் பேசுகிற மொழியில் பேசாத இயக்கம் மக்களிடம் போய்ச் சேராது என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2013ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தது.

காலையில் அமராவதி ஆற்றுக்குப் போனேன். சங்கப் பாடல்களில் ஆன்பொருநை என்று வருவது இந்த ஆறுதான் என்பார்கள். ஆனைமலைக்கும் பழனிமலைக்கும் நடுவிலிருந்து இறங்கி, உடுமலைப் பக்கம் வந்து, தாராபுரத்தைத் தொட்டு, கரூரைத் தாண்டித் திருமுக்கூடலில் காவிரியில் சேருகிறது. பாலத்துக்குக் கீழே பாதி ஆற்றைச் சீமைக்கருவேலும் கோரையும் பிடித்திருக்கின்றன. இடுப்பளவு தண்ணீர் நிற்கிற ஒரு மடுவில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, அலகைக் கீழே குத்திட்டுப் பார்த்து, சட்டென்று விழும். மூன்று முறைக்கு ஒரு முறை மீன். கரையில் மாடு கழுவிக்கொண்டிருந்த பெரியவர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"ஏனுங் தம்பி, படம் புடிக்கறீங்களா?"

"இல்லீங்கய்யா, சும்மா பாக்கறேன். நீங்க இந்த ஊருங்களா?"

"பொறந்ததே இங்கதானுங். அப்பெல்லாம் கோடையில ஆத்து மணல்ல கையால தோண்டுனா ஊத்து வருமுங்க. அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் வளந்தோம். இப்ப மணலு எங்கீங் இருக்குது? பாறை தெரியுது பாருங்க."

அவர் காட்டிய இடத்தில் ஆற்றின் அடிப்பாறை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மணல் போனால் ஊற்று மட்டும் போவதில்லை. ஆமை முட்டையிடுகிற மேடும், ஆள்காட்டி குஞ்சு பொரிக்கிற திட்டும் சேர்ந்தே போகின்றன. பாஸ்கரன் சிறுவனாகப் பார்த்த ஆறு வேறு, நான் இன்று பார்த்த ஆறு வேறு. ஆனாலும் மீன்கொத்தி இருக்கிறது. ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய், காங்கேயம் சாலை

இன்றைக்குத்தான் பயணத்தின் முக்கியமான நாள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தாராபுரத்திலிருந்து காங்கேயம் போகிற வழியில் ஊதியூர் மலை தனியாக எழுந்து நிற்கிறது. 2023இல் இந்த மலையில் சிறுத்தை நடமாட்டம் என்று செய்தி வந்து ஊரே பரபரப்பானது நினைவிருக்கும். மலையைச் சுற்றி இருக்கிற நிலத்தைப் பேருந்திலிருந்து பார்க்கிறவர்கள் ஒன்றுமில்லாத பொட்டல் என்றுதான் சொல்வார்கள். சரளை மண், சுண்ணாம்புக்கல், அங்கங்கே குடை விரித்த முள்மரம், சுற்றிலும் வேலி. இந்தப் பொட்டலுக்குப் பெயர் கொரங்காடு. காங்கேயம் மாடு உருவானது இந்த மண்ணில்தான்.

நண்பர் ஒருவருடைய பெரியப்பா வீட்டில் தங்கியிருக்கிறேன். காலையில் கம்பங்கூழும் மோர் மிளகாயும் கொடுத்து, "வாங் தம்பி, காட்டுக்குப் போலாம்" என்று கூட்டிப் போனார். ஏழெட்டு ஏக்கர் கொரங்காடு. உள்ளே போக மூங்கிலும் முள்ளும் வைத்துக் கட்டிய படல் ஒன்று. அதைத் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

கொரங்காட்டை மூன்று செடிகொடிகள் தாங்குகின்றன. தரையில் கொழுக்கட்டைப் புல். மேலே வெள்வேல மரம். சுற்றிலும் கிளுவை வேலி. புல் வறட்சிக்கு அசராது. காய்ந்து கருகிப்போனாலும் அடித்தூர் உயிரோடு இருக்கும், ஒரு மழை பெய்தால் நாலே நாளில் துளிர்க்கும். வெள்வேலம் நிழல் கொடுக்கும், ஆனால் புல்லை மூடாது. இலை அவ்வளவு பொடிசு. கோடையில் புல் தீர்ந்துபோன சமயத்தில் அதன் காய்தான் ஆட்டுக்குத் தீவனம். தொரட்டியை மாட்டி உலுக்கினால் கீழே செம்மறிகள் முண்டியடித்துக்கொண்டு வரும். கிளுவையை மழைக்காலத்தில் போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி நட்டால் போதும், தானாக வேர் பிடித்துவிடும். சில வருடத்தில் கிளைகள் ஒன்றோடொன்று பின்னி, ஆடு மாடு வெளியே போக முடியாத வேலியாகிவிடும். கம்பி வேண்டாம், கல் கால் வேண்டாம். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆளே வேண்டாம். ராத்திரியும் அங்கேயே கிடக்கும்.

"எங்க அப்பாரு காலத்து வேலிங் இது. நான் செத்த எடத்துல போத்து நடறதோட செரி" என்றார் பெரியப்பா.

அந்த வேலியோரமாக நடந்துகொண்டிருந்தபோதுதான் ஒன்றைப் பார்த்தேன். கிளுவைக் கிளைகளின் நுனி முள்ளாகவே முடியும். அப்படி ஒரு முள்ளில் பச்சை வெட்டுக்கிளி ஒன்று குத்தி வைக்கப்பட்டிருந்தது. மார்பு வழியாக முள் ஏறி முதுகில் வெளியே வந்திருக்கிறது. பின்னங்கால் ஒன்று இன்னும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. அரை முழம் தள்ளி இன்னொரு முள்ளில் காய்ந்துபோன ஓணான் குஞ்சு, வால் மட்டும் தொங்க. இது கீச்சானின் வேலை. தவிட்டுக் குருவியைவிடச் சிறிய பறவைதான். ஆனால் அலகு கொக்கி போல வளைந்திருக்கும். கண்ணுக்குக் குறுக்கே கருப்புப் பட்டை. கால் நகத்துக்குப் பருந்தின் பலம் கிடையாது, அதனால் பிடித்ததை முள்ளில் குத்தி வைத்துக் கிழித்துத் தின்னும். மிச்சத்தை அங்கேயே வைத்துவிட்டுப் பிறகு வரும். கொஞ்ச நேரத்தில் அதுவே வந்து வேலியின் உச்சியில் உட்கார்ந்து என்னைத் திட்டியது. நான் நகர்ந்து போகும்வரை வெட்டுக்கிளியைத் தொடவில்லை.

வேலி ஒன்று மனிதனுக்கு வேலி, கீச்சானுக்குச் சமையற்கட்டு, கீரிக்கு வளை, முயலுக்கு மறைவு. அதைப் பிடுங்கிவிட்டுக் கம்பி கட்டினால் இது எல்லாமே போய்விடும். மதியத்துக்குள் நான் அந்தச் சிறிய காட்டில் பார்த்தவை: பனங்காடை, கௌதாரி, செம்போத்து, கொண்டலாத்தி, பஞ்சுருட்டான், ஆள்காட்டி, கணக்கில்லாத மயில்கள். அப்புறம் வானம்பாடி. சிட்டுக்குருவி அளவில் மண் நிறத்தில் இருக்கும் இந்தக் குருவி, திடீரென்று நேர் மேலே ஏறி, சிறகை மடித்து விழுந்து, தரைக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் ஒரு சீட்டியோடு மறுபடி ஏறும். பெட்டைக்காக ஆண் செய்கிற சாகசம் அது. மழைக்காட்டில் போய் இதைப் பார்க்க முடியாது. திறந்த வெளி வேண்டும்.

கொட்டத்தில் மூன்று மாடுகளும் ஒரு கன்றும் இருந்தன. காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும். ஆறு மாதத்தில் அந்த நிறம் மாறிச் சாம்பலுக்கு வந்துவிடும். காளைக்குத் திமிலிலும் முன் பின் சப்பைகளிலும் கருமை ஏறும். காயடித்துவிட்டால் அந்தக் கருமை வெளுத்துவிடும். மயிலை, காரி, செவலை என்று நிறத்தை வைத்தே மாட்டைப் பிரிப்பார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறைகளாக இந்த இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்தது ஊரறிந்த வரலாறு. உழவுக்கு, வண்டிக்கு, கிணற்றிலிருந்து கவலை பூட்டித் தண்ணீர் இறைக்க என்று கொங்கு வெள்ளாமை முழுவதையும் இந்த மாடுகள்தான் தோளில் சுமந்தன. டிராக்டரும் மோட்டாரும் வந்ததும் வேலை போயிற்று. பால் குறைவு என்று கலப்பின மாடு வந்தது. 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு பற்றிய பேச்சு கிளம்பியது நல்லதுதான். ஆனால் மாட்டைப் பற்றிப் பேசியவர்களில் எத்தனை பேர் அது மேய்கிற காட்டைப் பற்றிப் பேசினார்கள்?

பாஸ்கரனின் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கிறது இங்கேதான் வந்து பொருந்துகிறது. அவர் எடுத்துக்கொண்ட விஷயங்களைப் பாருங்கள். தமிழ் சினிமாவை அறிவுலகம் வேண்டாதது என்று ஒதுக்கி வைத்திருந்த காலத்தில், விடுதலைப் போராட்டத்தில் அதற்கும் நாடகத்துக்கும் இருந்த பங்கை ஆவணங்களிலிருந்து தோண்டி எடுத்து 1981இல் ஆங்கிலத்தில் புத்தகமாகப் போட்டார். சினிமா பற்றிய இன்னொரு நூலுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. எல்லோரும் வெளிநாட்டு நாய்க்கு ஆசைப்பட்டபோது ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று நம் நாய்களைத் தேடிப் போனார். 2017இல் இந்திய நாயினங்கள் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். புதர்க்காடும் புல்வெளியும் அப்படித்தான். அரசின் கணக்கில் இவை பெரும்பாலும் தரிசு. தரிசு என்று எழுதிவிட்டால் அதை எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். யாரும் ஏறெடுத்துப் பார்க்காததைக் குனிந்து பார்க்கிற பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும்? கொரங்காட்டு ஊரில் பிறந்தவருக்கு அது வராமல் வேறு யாருக்கு வரும் என்பதுதான் என் எண்ணம்.

பெரியப்பாவின் காட்டுக்கு மேற்கே இருந்த கொரங்காடு இப்போது சூரியத் தகட்டு மைதானம். கிளுவை போய், புல் போய், வெள்வேலமும் போய்விட்டது. கிழக்கே வீட்டுமனைக் கற்கள். இவருக்கும் கேட்டு வருகிறார்களாம். "பையன் திருப்பூர்ல இருக்கறான். நான் இருக்கற வரைக்கும் குடுக்கறதில்லீங்" என்றார். அந்த "வரைக்கும்" என்னை ரொம்ப நேரம் தூங்கவிடவில்லை.

புதன், உப்பாறு அணை, அமராவதி அணை

உப்பாறு அணையில் தண்ணீர் நிற்பதே அபூர்வம். வறண்ட நீர்ப்பிடிப்பு முழுக்க முழங்கால் உயரப் புல். விடியற்காலையில் போனால் அந்தப் புல்லுக்கு மேலே பூனைப்பருந்துகள் தாழப் பறக்கின்றன. சிறகை ஆங்கில வி எழுத்து மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு, இப்படியும் அப்படியும் சாய்ந்து சாய்ந்து, புல்லைத் தடவுகிற மாதிரி போகும். கசகஸ்தான் புல்வெளிகளிலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வருகின்றன. வெட்டுக்கிளியும் எலியும்தான் சாப்பாடு. ராத்திரி மரத்தில் அடையாமல் புல்லுக்குள்ளேயே படுக்கும். அவ்வளவு தூரம் பறந்து வருவது நாம் தரிசு என்று எழுதி வைத்திருக்கிற நிலத்தை நம்பித்தான். இந்தப் பகுதியில் எங்கே திரும்பினாலும் காற்றாலை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இங்கே மின்சாரமாகிறது. கரி எரிப்பதைவிட அது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எங்கே நட வேண்டும், எங்கே நடக் கூடாது என்று பறவையையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

மதியம் உடுமலை போய் அமராவதி அணைக்குப் பேருந்து பிடித்தேன். 1950களில் கட்டிய அணை. பாஸ்கரன் அப்போது பள்ளியிலும் கல்லூரியிலும் படித்துக்கொண்டிருந்தவர், அவருடைய ஊர் ஆறு அந்த ஆண்டுகளில்தான் அணைக்குள் வந்தது. இங்கே இருக்கும் முதலைப் பண்ணை 1970களின் நடுவில் தொடங்கியது. தோலுக்காகச் சுட்டுத் தீர்த்துவிட்டு நாடு விழித்துக்கொண்ட காலம் அது. ஆற்றங்கரைகளில் முட்டையைச் சேகரித்து வந்து இங்கே பொரிக்க வைத்து வளர்த்தார்கள். முதலை முட்டை பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று முடிவு செய்வது மண்ணின் சூடுதான். ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசத்தில் ஒரு குழி முட்டை முழுவதும் ஒரே பாலாகிவிடலாம். கோடை ஒவ்வொரு வருடமும் ஏறிக்கொண்டே போகிற காலத்தில் இதை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

நீர்நாயைப் பார்க்க ஆசைப்பட்டு இருட்டும்வரை கரையில் நின்றேன். வரவில்லை.

வியாழன், டாப்சிலிப்

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக டாப்சிலிப் பேருந்து. மலையில் வெட்டிய தேக்கை மேலிருந்து சரித்துவிட்டதால் இந்தப் பெயர். ஆங்கிலேயர் காலத்தில் கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் இந்தத் தேக்கு போனது. வெட்டு வெட்டென்று வெட்டியதில் காடு மொட்டையாகிக்கொண்டிருந்தபோது ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி வந்தார். அடியோடு தோண்டாமல், அடிமரத்தை விட்டு வெட்டித் துளிர்க்கவிடுகிற முறையைக் கொண்டு வந்தார். சட்டைப் பை நிறைய தேக்கு விதை வைத்துக்கொண்டு, கைத்தடியால் குழி குத்திக் குத்தி விதை போட்டபடியே நடப்பார் என்று இங்கே இன்றும் சொல்கிறார்கள். 1933இல் இறந்தார். கல்லறை இங்கேயே, தேக்கு மரங்களுக்கு நடுவில். "என் நினைவுச் சின்னம் வேண்டுமென்றால் சுற்றிலும் பாருங்கள்" என்ற பொருளில் லத்தீன் வாசகம் ஒன்று கல்லில் இருக்கிறது.

சுற்றிலும் பார்த்தேன். மனிதர் பெரியவர்தான், வணங்க வேண்டியவர்தான். ஆனால் தேக்குத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் இதே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். தேக்குக்கு நடுவில் தரை முழுக்கச் சருகு, நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். பறவைச் சத்தம் குறைவு. அங்கிருந்து கரியன் சோலைப் பக்கம் போனால் நிலைமையே வேறு. ஒரு மரத்தின் மேல் பத்துச் செடி, கொடி, பாசி. மேலே எங்கேயோ இருவாச்சி போகிறது. அதன் சிறகுச் சத்தம் முதலில் கேட்கும், பறவை பிறகுதான் தெரியும்.

மா. கிருஷ்ணனைப் பற்றி எழுதாமல் இந்த நாளை முடிக்க மனமில்லை. 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். அ. மாதவையாவின் மகன். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் இறக்கும்வரை இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். தென்னிந்தியக் காடுகளில் யானைகளைக் கருப்பு வெள்ளையில் படமெடுத்தவர். பத்மஸ்ரீ வாங்கினார். நம் மண்ணின் மரத்தையே நட வேண்டும் என்று அவர் அந்தக் காலத்திலேயே கண்டிப்பாகச் சொன்னார். ஆங்கிலத்தில் இவ்வளவு புகழ் பெற்றவர் தமிழிலும் எழுதியிருக்கிறார் என்பதே பலருக்குத் தெரியாமல் போயிருக்கும். பழைய இதழ்களில் சிதறிக் கிடந்த அந்தக் கட்டுரைகளைத் தேடிச் சேர்த்து "மழைக்காலமும் குயிலோசையும்" என்று தொகுத்தவர் தியடோர் பாஸ்கரன். தனக்கு முன்னால் நடந்தவரைக் கைபிடித்துக் கூட்டி வந்து அடுத்த தலைமுறைக்கு அறிமுகம் செய்து வைத்தார். ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தவருடைய பழக்கம் காட்டுக்கும் உதவியது.

கோழிகமுத்தி யானை முகாமுக்கும் போய் வந்தேன். கலீம் என்ற பெயர் பெற்ற கும்கி 2023இல் 60 வயதில் ஓய்வு பெற்றது இங்கேதான். வனத்துறையினர் அணிவகுத்து மரியாதை செய்து அனுப்பினார்கள்.

வெள்ளி, வால்பாறை

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. மேலே எங்கும் தேயிலை. நடுநடுவே மிஞ்சியிருக்கிற சோலைத் துண்டுகளில் சிங்கவால் குரங்குகள் இருக்கின்றன. சாலையைக் கடக்கும்போது அடிபடாமல் இருக்கப் புதுத்தோட்டம் பகுதியில் மரத்துக்கு மரம் தீயணைப்புக் குழாய்த் துணியாலும் கயிற்றாலும் பாலம் கட்டியிருக்கிறார்கள். ஒரு தாய் குட்டியை வயிற்றில் தொங்கவிட்டபடி அதன் மேல் நடந்து போனதைப் பார்த்தேன். யானை வரும் இடங்களில் எச்சரிக்கைச் சிவப்பு விளக்கு. தோட்டத் தொழிலாளிகளின் உயிரை அது காப்பாற்றுகிறது. மழை பிடித்துக்கொண்டதால் அதிகம் சுற்றவில்லை. வால்பாறையைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கீழே இருக்கிற வெயில் காட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

சனி, திருப்பூர்

திருப்பூரைக் கடந்துதான் நொய்யல் போகிறது. பனியன் கம்பெனிகளின் சாயத் தண்ணீர் கலந்து கலந்து, ஆறே சாக்கடையான கதை ஊருக்கே தெரியும். விவசாயத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணையில் சாயக் கழிவு தேங்கி, கீழே இருந்த கிணறுகள் கெட்டன. தென்னையும் மஞ்சளும் போயின. விவசாயிகள் வருடக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவு நீரும் வெளியே விடக் கூடாது என்ற கட்டுப்பாடு அப்புறம்தான் இறுகியது. ஒரு தலைமுறை விவசாயிகளின் பிடிவாதம் இல்லையென்றால் இதில் எதுவும் நடந்திருக்காது.

அதே ஊரில்தான் நஞ்சராயன் குளம். ஊத்துக்குளி போகிற வழியில், நல்லாற்றுத் தண்ணீரை வாங்குகிற பழைய ஏரி. 125 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேலே. 2022இல் பறவைகள் சரணாலயமானது, 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பெரிய அதிகாரிகள் வந்து அறிவிப்பதற்கு முன்னால் பல வருடமாக உள்ளூர் இளைஞர்கள் காலையில் வந்து பறவையை எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குதான் குளத்துக்காகப் பேசியது.

இன்று கரையில் ஒரு கல்லூரி மாணவிகள் குழு. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பை முடித்துவிட்டு, விட்டுப்போனதைப் பார்க்க வந்தவர்கள். கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், நாமக்கோழி என்று ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். எழுதிக்கொண்டிருந்த பெண் குன்னத்தூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். நான் எதற்காக வந்தேன் என்று கேட்டுவிட்டு, "அண்ணா, அவரோட புக்ல எதை மொதல்ல படிக்கறது?" என்றார்.

"இன்னும் பிறக்காத தலைமுறைக்காக" தொகுப்பில் தொடங்கச் சொன்னேன். சின்னச் சின்னக் கட்டுரைகள், பேருந்திலேயே படித்துவிடலாம். பிடித்துப்போனால் "கையிலிருக்கும் பூமி" பெரிய புத்தகம், மெதுவாகப் படிக்கலாம். புலியைப் பற்றி அறிவியலாகத் தெரிந்துகொள்ள உல்லாஸ் கரந்தின் நூலை அவர் மொழிபெயர்த்த "கானுறை வேங்கை". கிருஷ்ணனின் கட்டுரைத் தொகுப்பையும் விட்டுவிட வேண்டாம் என்றேன். எல்லாவற்றையும் பறவைக் கணக்கு எழுதிய அதே நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

அப்புறம் கொஞ்சம் தயங்கி, "எங்க அப்பாரோட கொரங்காட்டுலயும் நான் லிஸ்ட் எழுதிட்டிருக்கேனுங்ணா. அங்க தண்ணியெல்லாம் இல்ல. அதெல்லாம் கணக்குல சேத்துவாங்களா?" என்று கேட்டார்.

கட்டாயம் சேர்ப்பார்கள் என்றேன். கைப்பேசியில் பறவைப் பட்டியலைப் பதிவேற்றுகிற செயலியில் அந்தக் காட்டை ஒரு புதிய இடமாகக் குறிப்பது எப்படி என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். முதல் பட்டியலை அங்கேயே ஏற்றிவிட்டார். கௌதாரி, ஆள்காட்டி, பனங்காடை, இரண்டு வகைக் கீச்சான், வானம்பாடி. இந்த வாரம் மறுபடி போய் எண்ணிவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வந்ததும் இங்கே போடுகிறேன்.